கையை ஊன்றி பொறுமையாக

ஜூன் 4

சுட்டிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை நீ பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. கடிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். காலை வகுப்பு முடிந்து, அடுத்த ஆள் கார் ஓட்டப் பழக வருவதற்குள், ஸ்டீயரிங் மேல் பேப்பரை வைத்து எழுதுவதால் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

ஏன் சிவப்பு மையில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். அப்பா தன் சிவப்புப் பேனாக்களை எல்லாம் ஒரு ரப்பர் வளையத்தில் சுற்றி என் காரில் போட்டுவிட்டார். "லைசன்ஸ் பாரம் நிரப்ப ஆகும், வெச்சுக்க" என்றார். அவர் விடைத்தாள் திருத்துவதை விட்டுவிட்டார். இதைச் சொல்லத்தான் அன்று கூப்பிட்டேன். நீ "வேலை தலைக்கு மேல இருக்கு" என்றாய், நான் "மெஷினோடயே குடித்தனம் நடத்து" என்றேன். விஷயம் அப்படியே நின்றுவிட்டது.

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தேர்வு அலுவலகம் அவருக்குத் தாள்களைக் கம்ப்யூட்டரில் அனுப்பிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். காலை டீயைக் குடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால், "அடேய், மைனஸை எங்கடா தொலைச்சே" என்று முகம் தெரியாத பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே மதியம் வரை திருத்துவார். அம்மா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

இந்த வருஷம் உள்ளே நுழையப் புது முறை வைத்தார்கள். ரகசிய எண்ணைக் கீபோர்டில் அடிக்கக் கூடாதாம். திரையில் ஒரு எண் பலகை வருகிறது. மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும். அப்பா மவுஸின் அம்பை ஏழின் மேல் வைத்தால் அது எட்டுக்குத் தாவுகிறது. நாலில் வைத்தால் நடுங்கி ஒன்றில் போய் விழுகிறது. மூன்று முறை தப்பினால் பூட்டிக்கொள்ளும். அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சித் திறக்கச் சொல்வார். மறுநாளும் அதே கதை. கடைசியில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்: "என் கை இனி இந்த வேலைக்கு உதவாது."

அதோடு நிற்கவில்லை. கையையே கைவிட்டுவிட்டார். சட்டைப் பித்தான் நான் போட்டுவிட வேண்டும். ஷேவிங் நான். டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றச் சொல்கிறார். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு "இந்த வயசுக்கு இது ரொம்ப நல்ல கை சார்" என்றார். "நீங்க பாக்கும்போது மட்டும் அது சும்மா இருக்கு" என்றார் அப்பா.

ஒரு கூத்து சொல்கிறேன். அந்த எண் பலகைக்குக் கீழே ஒரு வரி வரும்: "கையை மேசையில் ஊன்றி பொறுமையாக மீண்டும் முயலவும்." முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "ஊன்றிக்கும் பொறுமைக்கும் நடுவுல ப் எங்க?" என்று கேட்டுச் சிரித்தார். வழக்கமாக ஒற்றுப் பிழையைப் பார்த்தால் வீடு இரண்டுபடும். அன்று என்னவோ சிரித்தார். இப்போது சாப்பிட உட்காரும்போதும் முழங்கையை மேசையில் அழுத்தி அந்த வரியைத்தான் முணுமுணுக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். உனக்கு இந்த வீட்டில் இருக்கும் மவுசு வேறு.

அண்ணன்


ஜூன் 15

அண்ணா,

கடிதம் வந்தது. சண்டைக்குப் பதில் அப்புறம் எழுதுகிறேன், என்னிடமும் நிறைய இருக்கிறது. முதலில் எனக்கு ஒன்றிரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

அந்த அம்பு எப்போதும் நடுங்குகிறதா, எண் பலகை திறந்திருக்கும்போது மட்டுமா? அப்பா அதே பழைய கம்ப்யூட்டரைத்தானே வைத்திருக்கிறார், நான் படிக்கும்போது வாங்கியது? அவர் கணக்கை மூடியிருந்தாலும் அந்தப் பக்கம் திறக்கும். திற. எண் பலகை வந்ததும் உன் கையை வைத்துப் பார். பிறகு கையை எடுத்துவிட்டுப் பார்.

இன்னொன்று. அந்த வரியில் நிஜமாகவே "ப்" இல்லையா? கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்.

ஏன் கேட்கிறேன் என்று இப்போது கேட்காதே. தயவுசெய்து அப்பாவிடமும் எதுவும் சொல்லாதே.

சுட்டி


ஜூன் 24

சுட்டிக்கு,

நான் அப்பாவைப் பற்றி எழுதினால் நீ கம்ப்யூட்டரின் உடல்நலம் விசாரிக்கிறாய். உன் கடிதத்தை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "மாமா சாப்பிடறாரான்னு ஒரு வார்த்தை இல்லையே" என்றாள். எனக்கும் அதே எரிச்சல்தான். இருந்தாலும் அப்பாவை முடி வெட்ட அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் வீட்டுக்கு வந்து நீ சொன்னபடி செய்தேன்.

அதே பழைய பெட்டிதான். மற்ற நேரம் அம்பு ஒழுங்காக இருக்கிறது. சீட்டு விளையாட்டைத் திறந்து பார்த்தேன், சொன்ன இடத்தில் நின்றது. எண் பலகை வந்ததும் ஆட ஆரம்பித்தது. நாளெல்லாம் ஸ்டீயரிங் பிடிக்கிற என் கையை வைத்தேன். ஆடியது. கையை எடுத்தேன். அப்போதும் ஆடியது. மேசையில் மவுஸ் தேமே என்று கிடக்கிறது, திரையில் அம்பு கொதிக்கிற தண்ணீரில் போட்ட அரிசி மாதிரி துள்ளுகிறது. உன் "ப்" அங்கே இல்லை. கண்ணாடி போட்டும் இல்லை.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட முடியவில்லை.

இதை நான் பார்த்தது முதல் தடவை இல்லை. அப்பா வேலையை விடுவதற்கு முன்பே ஒரு காலையில், எண் பலகையைத் திறந்துவிட்டுக் கண்ணாடி எடுக்க உள்ளே போனார். நான் பின்னால் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலி காலி, அம்பு ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தேன் சுட்டி. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, "பாரு, கை எப்படி உதறுது" என்றார். நான் "விடுங்கப்பா, போதும் உழைச்சது" என்றேன்.

எனக்கு அது சௌகரியமாக இருந்தது. முதுகை வளைத்துக்கொண்டு அவர் அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மெஷின் கோளாறு என்று வாயைத் திறந்திருந்தால் இன்று அவர் பித்தானை அவரே போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு ஷேவ் செய்யும்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

உனக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்.

அண்ணன்


ஜூலை 3

அண்ணா,

அந்த எண் பலகை நான் செய்தது.

நான் மட்டும் இல்லை, எங்கள் பிரிவில் ஐந்தாறு பேர். ஆனால் அந்த நடுக்கம் என்னுடையது. தேர்வு அலுவலகம் எங்கள் பலகையை வாங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. விற்பவர்கள் வேறு தளம், செய்பவர்கள் வேறு தளம். இது சாக்கு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வாய். இப்போது கேள். ஒரு பாட்டையோ படத்தையோ கம்ப்யூட்டரில் இறக்கும்போது ஒரு திருட்டு புரோகிராம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நாம் கீபோர்டில் அடிப்பதை எல்லாம் அது மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளும். அதனால்தான் எண்களைத் திரையில் போட்டு மவுஸால் அழுத்தச் சொன்னோம். திருடன் அதற்கும் வந்தான். அம்பு எந்த இடத்தில் இருந்தது, எப்போது அழுத்தினோம் என்பதைக் குறித்துக்கொண்டால் எண் தானாக விழுந்துவிடுமே.

அப்போது நான் சொன்ன யோசனைதான் பொய் அம்பு. எண் பலகை திறந்ததும் எங்கள் புரோகிராம் அம்பை அங்கும் இங்கும் ஓயாமல் தள்ளும். ஒரே ஆள் நடந்த தடம் என்றால் திருடன் பின்தொடர்வான். மணல் முழுக்க மிதித்து வைத்தால் எதைத் தொடர்வான்? எந்தத் தடம் நிஜக் கையுடையது என்று எங்களுக்கு மட்டும் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று போனில் அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். "மவுஸுக்கே திருட்டுப் பயமா? மவுசு இருக்கற இடத்துக்குத்தான் திருடனும் வருவான்" என்று சிரித்தார். "மவுஸுக்குத் தமிழ்ல சுட்டிதானே, உனக்குச் சுட்டின்னு பேரு வெச்சதுக்கு நீ சுட்டியையே காவல் காக்கற" என்றார்.

புதுக் கம்ப்யூட்டரில் இந்த ஓட்டம் கண்ணுக்கே தெரியாது. போன வேகத்தில் அம்பு திரும்பிவிடும். பழைய பெட்டிகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அம்பு நடுங்கும். அழுத்துகிற நேரம் அது நகர்ந்திருந்தால் எண்ணும் தப்பும்.

இது எனக்குத் தெரியும் அண்ணா. புகார்கள் வந்தன. "அம்பு உதறுகிறது." "என் கை நடுங்குகிறதா, உங்கள் பெட்டி நடுங்குகிறதா?" இப்படி ஒருவர் கேட்டே எழுதியிருந்தார். எல்லாம் பழைய கம்ப்யூட்டர்காரர்கள், வயதானவர்கள். நான் அவற்றுக்குப் பக்கத்தில் "சின்னக் குறை, பிறகு பார்க்கலாம்" என்று குறித்து ஒதுக்கினேன். அதுவரை சமாளிக்கத் திரையில் ஏதாவது ஒரு வரி போடச் சொன்னார் மேலாளர். டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன். கையை மேசையில் ஊன்றி பொறுமையாக மீண்டும் முயலவும்.

நீ அந்த வரியை எழுதி அனுப்பினாய் பார், அதைப் படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. "ப்" இல்லை என்றதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. நான் ஹாஸ்டலில் இருந்து எழுதிய கடிதங்களில் அப்பா சிவப்பில் போட்டு போட்டுத் திருப்பி அனுப்பிய அதே ஒற்று. எத்தனை போட்டும் எனக்கு ஒட்டவில்லை.

என் பொய்யை மறைக்க மற்றவர்கள் கை மேல் பழி போட்டேன். யார் கை என்று யோசிக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டு அப்பாவாக இருந்திருந்தால் இன்னும் அந்தக் குறிப்பு அப்படியேதான் இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிடு. போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பா, உங்கள் கை நடுங்கவில்லை. நடுங்கியது நான் எழுதியது. உங்களிடம் மன்னிப்பு கேட்கிறேன்.

சுட்டி


ஜூலை 12

சுட்டிக்கு,

கொடுக்கவில்லை.

முதலில் உன் மேல் வந்த கோபத்தில் கொடுக்கவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்று பேரிடமும் காரணமில்லாமல் கத்தினேன்.

என் காரில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது, தெரியும் இல்லையா. பழகுகிறவர் தடுமாறினால் நான் அழுத்துவேன். வண்டி நிற்கும். சிலர் தாங்களே நிறுத்தியதாக நினைத்துப் பூரித்துப்போவார்கள். சிலர் தங்கள் கால் பட்டுத்தான் வண்டி குலுங்கியது என்று பயந்துவிடுவார்கள். அதனால் அழுத்தியதும் "நான்தான் போட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் நான் படித்த முதல் பாடம் அதுதான். நீ அப்பாவின் வண்டியில் பிரேக் வைத்துவிட்டு, "உன் காலை ஒழுங்காக வை" என்று எழுதி ஒட்டியிருக்கிறாய்.

இப்படி எழுதிக்கொண்டு வரும்போதே எனக்கு உறைத்தது. பக்கத்து இருக்கையில் நானும்தான் இருந்தேன். பிரேக் அழுத்தப்பட்டதைப் பார்த்தேன். நானும் சொல்லவில்லை. பாடம் நடத்துகிற யோக்கியதை எனக்கு இல்லை.

இப்போது பயத்தில்தான் கொடுக்காமல் இருக்கிறேன். சொல்லாவிட்டால் தன் கையை நினைத்து நொந்துகொண்டே இருப்பார். சொன்னால் உன்னை நினைத்து நொந்துபோவார். "என் பொண்ணு திருடனைப் பிடிக்கற வேலை பாக்குறா" என்று முடி வெட்டுகிறவரிடம் கூடச் சொல்லி வைத்திருக்கிறார். அதையும் அவரிடமிருந்து பிடுங்க வேண்டுமா?

நேற்று தட்டை எடுக்கப் போனவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டு உன் அண்ணியைக் கூப்பிட்டார். கூப்பிடும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணன்


ஜூலை 25

அண்ணா,

நீ திட்டியதில் ஒரு எழுத்துக்கூட அதிகம் இல்லை. இன்னும் மிச்சம் இருந்தால் அதையும் எழுது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒதுக்கி வைத்த புகார்களை எல்லாம் எடுத்துக்கொண்டு மேலாளர் முன்னால் போனேன். "இத்தனை நாள் சின்னக் குறைன்னு நீதானே எழுதின, இப்ப என்ன அவசரம்?" என்றார். "அதுல ஒருத்தர் எங்கப்பா" என்றேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பொய் அம்பை எடுத்துவிட முடியாது, எடுத்தால் திருடன் வந்துவிடுவான். ஆனால் அதைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. பொய் ஓட்டம் உள்ளே ஓடட்டும், கண்ணில் படுகிற அம்பு கைக்கு மட்டும் கட்டுப்படட்டும் என்று மாற்றிவிட்டோம். அலுவலகக் கிடங்கில் கிடந்த ஒரு பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்து, அதில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம். அவ்வளவு பெரிய வேலைகூட இல்லை.

அந்த வரியையும் எடுத்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் ஒரு "ப்" போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகு அழித்தேன்.

தேர்வு அலுவலகத்துக்குப் புதுப் பலகை போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா கணக்கை மறுபடி திறப்பார்களா என்று கேட்டேன். அவரே கேட்டால் திறப்பார்களாம். நான் கேட்டாலோ நீ கேட்டாலோ நடக்காது. அவர் கேட்க வேண்டுமென்றால் தன் கை நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் தெரிந்தாக வேண்டும்.

என் பெருமை போனால் போகட்டும் அண்ணா. அதைக் காப்பாற்ற அவர் கையைப் பணயம் வைக்காதே. ஏற்கெனவே ஒரு தடவை நான் அதைத்தான் செய்தேன்.

கொடுத்துவிடு. அவர் என்ன சொன்னாலும் ஒன்று விடாமல் எனக்கு எழுது. நல்ல வார்த்தையாக மாற்றி எழுதாதே.

சுட்டி


ஆகஸ்ட் 6

சுட்டிக்கு,

இது ஏன் பென்சிலில் இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், நாற்காலி காலியாக இருந்தபோது அம்பு ஆடியதை நான் பார்த்த கதையைச் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி, ஜன்னலோரம் அவருடைய பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படித்தார். உன் அண்ணி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"சுட்டி செஞ்சதுன்னு எனக்கு அப்பவே தெரியும்டா" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போனேன். "எப்படிப்பா?"

"ப் இல்லையே. ஊன்றிக்கு அப்புறம் ப் போடாத ஆளு உலகத்துலயே அவ ஒருத்திதான். மவுஸைக் காவல் காக்கறேன்னு சொன்னா, இந்தப் பலகையும் மவுஸுக்குத்தான் வந்திருக்கு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. சந்தோஷமா இருந்துச்சு."

"அப்ப ஏன் அவகிட்ட கேக்கல? நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவ செஞ்சதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சேன். அப்ப தப்பு என் கையிலதானே இருக்கணும்?"

நல்ல வார்த்தையாக மாற்றி எழுதாதே என்றாய். மாற்றவில்லை. அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, ஒரு கணக்கை முடித்துக் கீழே கோடு போடுகிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. உனக்கும் வரும்.

பிறகு "பேனா எங்கடா?" என்றார். ஓடிப்போய்க் காரிலிருந்து அந்தக் கட்டையே கொண்டுவந்து கொடுத்தேன். ரப்பர் வளையத்தை அவரே கழற்றினார். முதல் பேனா எழுதவில்லை. இத்தனை நாள் என்ன எழுதித் தீர்த்தாய் என்று என்னை முறைத்தார். இரண்டாவது எழுதியது. உன் கடிதத்தை மேசையில் வைத்து, குனிந்து, மெதுவாகத் திருத்த ஆரம்பித்தார். முழங்கையை ஊன்றவில்லை. கை கொஞ்சம் ஆடத்தான் செய்தது. இத்தனை நாள் சும்மா வைத்திருந்த கை, இப்போது நிஜமாகவே கொஞ்சம் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. அதை நாம் இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அவரே போன் போட்டார். திறந்துவிடுவார்களாம். சட்டைப் பித்தான் மேலே இரண்டு இன்னும் நான்தான் போடுகிறேன், கீழே உள்ளதை அவரே போட்டுக்கொள்கிறார்.

பேனாக்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். அதனால்தான் பென்சில்.

உன் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கங்கே திருத்தியிருப்பதை நீயே பார்த்துக்கொள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில், மன்னிப்புக்கும் கேட்கிறேனுக்கும் நடுவில், கோணலாக, சிவப்பில் ஒரு "க்" இருக்கும்.

நான், "அவ்வளவுதானாப்பா? அவ அழுதுட்டு இருப்பா. பதிலா ரெண்டு வரி எழுதுங்களேன்" என்றேன்.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே, "அதான் எழுதிட்டேனே" என்றார்.

அண்ணன்